கப்பலேறாதவன் சம்பாதித்தது

பாகாலாவுக்குப் பக்கத்து ஏரிக்கரைச் சேரியிலிருந்து மலேயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவர்கள் நாற்பது பேர். சிலர் குடையோடு திரும்பினார்கள், சிலர் குளிர்சுரத்தோடு. சிலர் திரும்பவே இல்லை. மலேயாவால் உண்மையில் முன்னுக்கு வந்தவன் துலுக்காணம் ஒருவன்தான். அவன் போகவே இல்லை.

முதல் வருஷம் என்னவோ நிஜமாகத்தான் கிளம்பினான். ஆள் சேர்க்க வந்த கங்காணி பாலையா அவனைக் கிராம முனிசீப்பிடம் கூட்டிப்போனான். ‘இவன் தன் சம்மதத்தோடு போகிறான்’ என்று முனிசீப் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல். சர்க்கார் சட்டம் அப்படி. முனிசீப் கோவர்த்தன நாயுடுவோ ஊரிலேயே பெரிய நிலக்காரர். துலுக்காணம் அவருடைய கூலியாள். பாதிச் சேரி அக்கரைச் சீமையில் இருந்தது. பிடுங்க ஆளில்லாமல் அவருடைய வேர்க்கடலை மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுக்கொண்டிருந்தது. தன் ஆளைத் தானே வழியனுப்பி வைக்கச் சொன்னது சட்டம்.

“மை காஞ்சிபோச்சு, நாளைக்கு வாடா,” என்றார் நாயுடு.

மறுநாள் மை வரவில்லை. கூலி ஓர் அணா ஏறி வந்தது.

அதற்கப்புறம் கங்காணி வந்த வருஷமெல்லாம், கடலை முற்றும் பருவமாகப் பார்த்து, துலுக்காணம் நாயுடுவின் வாசலில் போய் நின்றான். மையும் தவறாமல் காய்ந்தது. ஒரு வருஷம் மத்தியானக் கூழோடு ஊறுகாய் சேர்ந்தது. இன்னொரு வருஷம் ஏரிக்கு மேலே அரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது, வாய்ப்பேச்சாக. அதில் அவன் பெண்சாதி மணியம்மா மிளகாய் வைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் சர்க்கார் கூலியாட்களை மலேயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. அங்கே கூலியைக் குறைக்கிறார்கள், நம் ஜனங்கள் அவதிப்படக்கூடாது என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணம் ஊர் வந்து சேர்ந்த அன்றே நாயுடு துலுக்காணத்துக்கு ஆளனுப்பினார்.

“கப்பல் நின்னுபோச்சாமேடா! இனிமே எங்க போவ? கடலை புடுங்கினதும் அந்த அரை ஏக்கரை வுட்டுடு.”

வீட்டுக்கு வந்தவனை மணியம்மா பிடித்துக்கொண்டாள். “பதினாலு வருசமா போறேன் போறேன்னியே, பாகாலா ரயிலடிக்காவது போயிருக்கியாய்யா?”

“இன்னாத்துக்குப் போவணும்? சொன்னதுக்கே நெலம் வந்துச்சே.”

“இப்ப சொன்னா சிரிக்கிறாங்க இல்ல? கடலை முத்தட்டும், போய்க் காட்டு.”

கடலை முற்றியது. ஒருநாள் காலையில் இருவரும் பானையும் பாயும் கட்டிக்கொண்டு நாயுடு நிலத்தின் நடுவரப்பிலேயே நடந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமலே இன்னும் இரண்டு குடும்பங்கள் பின்னால் கிளம்பின. உச்சிப்பொழுதுக்குள் நாயுடுவின் மாட்டுவண்டி மூச்சிரைக்க ரயிலடிக்கு வந்துவிட்டது.

“எங்கடா மூட்டை கட்டிக்கினு?”

“கோலாருக்கு சாமி. தங்கச் சுரங்கம். மைசூர் சீமை.”

“யாரைக் கேட்டுக்கினு?”

“அதான் சாமி விசேசம். அதுக்கு முனிசீப்பு கையெத்து வாணாமாம்.”

கப்பல் நின்றதற்காகச் சிரித்த நாயுடுவுக்கு, அதோடு தன் பேனாவும் நின்றுபோனது அப்போதுதான் உறைத்தது.

“ஏறுங்கடா வண்டில. அரை ஏக்கரை நீயே வெச்சிக்கோ.”

“வாயால வெச்சிக்கினது போதும் சாமி. காயிதத்துல குடுங்க.”

“மை காஞ்…” என்று தொடங்கினார் நாயுடு. தூரத்தில் ரயில் கூவியது. மை காயவில்லை என்பது தெரியவந்தது. பத்து வருஷக் குத்தகை என்று எழுதி, கீழே அவர் போட்ட கையெழுத்து மிக அழகாக இருந்தது.

திரும்பும் வழியில் மணியம்மா கிசுகிசுத்தாள். “யோவ், நாம குந்திக்கினு இருந்தது எந்த வண்டிக்குத் தெரியுமா? பக்கத்துல இருந்த அம்மா சொல்லிச்சு, திருப்பதி வண்டியாம்.”

“நாய்டு அவசரத்துல பாக்கல, உடு.”

“ஏறியிருந்தா மொட்டையாவது அடிச்சிக்கினு வந்திருக்கலாம்.”

துலுக்காணம் காகிதத்தைத் தலைப்பாகைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டான். “கடலை புடுங்கி முடியட்டும், போலாம்.”

மணியம்மா நம்பவில்லை. போகிறேன் என்று சொல்லியே முன்னுக்கு வந்தவனாயிற்றே.