நாற்பத்தொரு நிமிடம்

என் அக்காவிடம் "எப்படி இருக்கே?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்." காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் அதுதான், மாமாவுக்கு வேலை போனபோதும் அதுதான். இந்த வாய்தான் ஒருநாள் எங்கள் வழக்கையே கவிழ்க்கப் பார்த்தது.

அக்கா பஞ்சர் கடை வைத்திருக்கிறாள். பஸ் டிப்போவுக்கு எதிரே, பத்துக்குப் பத்து இடம், ஒரு கம்ப்ரசர், சுவர் முழுக்க டியூப்கள். "பொம்பளை பஞ்சர் ஒட்டுவாளா?" என்று சிரித்தவர்களே பிறகு வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றார்கள். பைக் டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மாட்டிக் கொடுக்கப் பதினைந்து நிமிடம் போதும் அவளுக்கு, அப்போதெல்லாம். அதில் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, எனக்கே உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, சிக்னலில் நின்றிருந்த அவளுடைய ஸ்கூட்டரைப் பின்னால் வந்த வேன் இடித்துத் தூக்கிப் போட்டது. வலது தோளில் நரம்பு அடிபட்டு, விரல்களில் பிடிமானம் போய்விட்டது. ஒரு டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார்.

நான் ஒரு வக்கீலம்மாவிடம் குமாஸ்தா. இழப்பீட்டு வழக்கை அவரே நடத்தினார், மனுவை நான் தட்டச்சு செய்தேன். 'இத்தொழிலை இனி முன்போல் செய்ய இயலாது' என்ற வரி வந்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. ஏனென்றால் ஆறே மாதத்தில் அக்கா கடையைத் திறந்துவிட்டாள். வருகிறவர்களிடம், "வண்டியை விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க" என்பாள். திரும்பி வந்தால் டயர் தயார். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், ஜம்முனு. ஒருவேளை சரியாகிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம், பொய் சொல்வானேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேவு பார்க்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அந்த மகானுபாவர் பஞ்சரான பைக்கோடு வந்து, சார்ஜ் போடுவதுபோலத் தன் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். போன் அதுபாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

நீதிமன்றத்தில் அவர்கள் அதிலிருந்து இரண்டு நிமிடம் காட்டினார்கள். "விபத்துல அடிபட்டீங்களாமே, கை எப்படிம்மா இருக்கு?" என்று அந்த ஆளின் குரல். "எனக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று அக்கா. அடுத்து, மாட்டி முடித்த டயரை அவள் உருட்டிக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வக்கீலம்மா எழுந்து, முழுப் பதிவையும் போட வேண்டும் என்றார். அக்கா முகம் வெளுத்துவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்னு சொல்லுடா. கேஸ் போனாப் போகட்டும்."

"ஏன்க்கா?"

"அதை யாரும் பார்க்க வேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போறவன் வர்றவன்கிட்டல்லாம் ஜம்முன்னு சொல்லி வச்சிருக்கே. இப்ப நீ பொய்க்காரின்னு எழுதப் போறாங்க. பரவாயில்லையா?"

அக்கா என்னை முறைத்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்து எழுந்து நின்றாள். "போடச் சொல்லுங்கய்யா. முழுசாவே போடட்டும்."

படம் நாற்பத்தொரு நிமிடம் ஓடியது.

ஆள் போனதும் அக்கா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டயரை முழங்காலால் அழுத்தி, நெம்புகிற லிவரை இடது கையால் செருகி, இன்னொரு லிவரைக் கால் கட்டைவிரலால் மிதித்தாள். டியூபைப் பல்லில் கடித்து இழுத்தாள். ஒட்டியாயிற்று. மாட்டும்போது லிவர் வழுக்கி முழங்காலில் அடித்தது. மறுபடி செருகினாள், மறுபடி வழுக்கியது. ஒன்பது தடவை. நான் எண்ணினேன். ஆறாவது தடவை அவள் டயர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே லிவரைத் தேடி எடுத்தாள். பத்தாவது தடவை டயர் உட்கார்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டபடி அந்த ஆள் உள்ளே வந்தார். எத்தனை டீ குடித்தாரோ.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் படத்திலிருந்த அக்கா.

கண்ணாடியைத் துடைத்த வக்கீல் இப்போது கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதிதான் கேட்டார். "இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது கை நல்லா இருக்குன்னு ஏம்மா சொன்னீங்க?"

"அவரு பஞ்சர் ஒட்ட வந்தாருங்கய்யா. அவர்கிட்ட என் கையைக் காட்டி அழறதுக்கா நான் கடை வச்சிருக்கேன்?"

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுக்கச் சொல்லியிருந்தார் நீதிபதி. பாதிக்கப்பட்டவர் வேலையை முடித்துவிட்டார் என்பதையே அவருக்கு எதிரான சாட்சியாகக் கொள்ள முடியாது என்றும் எழுதியிருந்தார். நான் அதைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ தீர்ப்புகளைக் கையால் தொட்டிருக்கிறேன், ஒன்றைப் படிக்கும்போதுகூட எனக்கு இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. "மத்தவங்களை விடு. என்கிட்ட ஏன்க்கா மறைச்சே? நான் என்ன வேத்து ஆளா?"

அக்கா ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பார்த்திருந்தா மூணாவது தடவையே லிவரைப் பிடுங்கியிருப்பேடா," என்றாள். "அப்புறம் நான் எப்படி பத்தாவது தடவை வரைக்கும் போறது?"

வாஸ்தவம்தான். பிடுங்கித்தான் இருப்பேன்.