ஐந்து தகர அம்புகள்

சமையலறைப் பிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கினால் அதன்மேல் இருந்த புனித செபஸ்தியார் சிலையின் அம்புகள் "கிணுகிணு" என்று நடுங்கும். மிச்சம் என்ற ஊரில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் என் சின்ன வயதின் சத்தம் அதுதான். கிறிஸ்துவை மறுதலிக்கமாட்டேன் என்றதற்காக உரோமை அரசனின் ஆட்கள் எய்த அம்புகள் என்று, சுண்ணாம்புச் சிலையின் மார்பிலும் தொடையிலும் ஐந்து தகரத் துண்டுகளைக் குத்தியிருந்தார்கள். காய்ச்சல் வந்தாலும், பள்ளியில் யாராவது அடித்தாலும், வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "செபஸ்தியார் எவ்வளவு பொறுத்தவர். நீயும் பொறு."

அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பன்னிரண்டு வயதில் ஒருநாள் கதிரையில் ஏறி அம்புகளைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

"விசரே உனக்கு?" என்றார் அம்மா.

"அவர் அம்பு பட்டுச் சாகேல்லை அம்மா. ஒரு மனிசி காயம் கட்டிக் காப்பாத்தினவ. ஓடித் தப்பியிருக்கலாம். திரும்பிப் போய் அரசனை மறிச்சு, நீ செய்யிறது பிழை எண்டு முகத்துக்கு நேர சொன்னவர். அதுக்குத்தான் அடிச்சே சாகடிச்சவங்கள்."

"ஆர் சொன்னது?"

"ஞானோபதேசப் புத்தகத்தில கிடக்கு. நீங்கள் பாதியோட மூடிப்போட்டியள்."

அம்மா பசை பூசித் திரும்பக் குத்தினார், அக்கா பிடுங்கினாள், அந்த வருடம் முழுக்க இதுதான். கடைசியில் அம்மாவின் பசைதான் வென்றது.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் நோவு. டொக்டர் "ஸ்ட்ரெஸ்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த அன்ரிமாரும், அம்மாவும், "பொறு பிள்ளை" என்றார்கள். அவள் பொறுக்கவில்லை. டொக்டரிடம் நான்கு தரம் திரும்பிப் போனாள். நாலாந்தரம், "ஸ்கான் எடுக்காமல் எழும்பமாட்டன்" என்று கதிரையிலேயே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். எடுத்தபோது பிந்திவிட்டது.

அக்கா செத்து முப்பத்தோராம் நாள் செபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அன்ரி சொன்னார்: "என்ன பொறுமையான பிள்ளை. செபஸ்தியாரைப் போல எல்லாத்தையும் தாங்கிக்கொண்டு போயிட்டுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ தாங்கேல்லை அன்ரி. நாலு தரம் போய்ச் சண்டை பிடிச்சவ. ஆரும் கேக்கேல்லை. நீங்களுந்தான்."

"பெரியாக்களோட கதைக்கிற கதையே இது?" என்று அன்ரி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எழும்பிப் போய், இறுகிக் கிடந்த பசையைக் கரண்டியால் நெம்பி ஐந்து அம்புகளையும் எடுத்தார். சுண்ணாம்பு நிலமெல்லாம் கொட்டியது.

இப்போதும் அந்த மோட்டார் ஓடுகிறது. சிலையில் ஐந்து ஓட்டைகள், சத்தம் இல்லை. அம்மா இவ்வளவு பிந்திப் பிடுங்கினதற்கு அவரோடும் எனக்குக் கோபம்தான்.