முதல் துளியில் மூடி திறந்தவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் காற்றையும் மழையையும் ஆராய்ந்த மாணவர்கள் மூன்றே பேர். நான் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என் தோழி சேலம் நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். மூன்றாமவர் ஜலகண்டாபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

மழைநீரில் லேசான புளிப்பு இருக்கும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். நாங்கள் பிடித்த மழையிலோ அதற்கு எதிரான காரத்தன்மை இருந்தது. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் எங்கள் பேராசிரியர் இதைச் சொன்னதும், மூத்த விஞ்ஞானி ஒருவர் எழுந்து, "பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது" என்றார். அரங்கமே சிரித்தது.

பாட்டில் கழுவியவள் என் தோழி. அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசியதில் அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "பாட்டில் சுத்தம். ஆனா மழைக்கு முன்னாடியே திறந்து கிடந்துச்சு. தூசி விழுந்திருக்குமேன்னு கேட்டிருந்தா நம்மகிட்ட பதில் இல்லை. அதைச் சரி பண்ணுவோம்."

ஐப்பசி பிறந்ததும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தோடு சொந்த ஊருக்குப் போனோம். முதல் துளி விழும்வரை மூடி திறக்கக் கூடாது. விழுந்த கணமே திறக்க வேண்டும். அதற்காக நாளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் களத்தில் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் மழை வந்தது.

"சாமி, ஓடியா! தார்ப்பாயைப் புடி!" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இதா வாரனுங்கப்பா, மூடியத் தொறந்துட்டு!" என்று நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் ஒரு மூலைக் கடலைக்காய் நனைந்துவிட்டது. "கடலக்கா நனையுது, இவளுக்குக் குண்டா பெருசாப் போச்சு!" என்று அம்மா பொரிந்தார்.

அப்பா தார்ப்பாயின் மறுமுனையை என் கையில் கொடுத்தபடி, "உடு. அது அவ வேலை" என்றார். நான் அதை இழுத்து மூடினேன்.

அந்தப் பருவம் முழுவதும் இப்படியே பிடித்தோம். மூன்று ஊர்த் தண்ணீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது கருவியின் முள் மூன்று முறையும் காரப்பக்கமே சாய்ந்தது. பாத்திரத்தில் விழுந்த தூசி அல்ல. காற்றில் மிதக்கும் எங்கள் மண்ணின் சுண்ணாம்புத் தூள்தான் மழையில் கரைந்து, அதன் புளிப்பை முறித்திருந்தது.

அடுத்த ஆண்டு அதே கருத்தரங்கில் தோழியே பேசினாள். அந்த விஞ்ஞானி மறுபடி எழுந்தார். "மழைக்கு முன்பு பாத்திரம் மூடியிருந்தது என்பதற்கு என்ன உறுதி?"

"பக்கத்திலேயே நாங்கள் நின்றோம், சார். மூன்று ஊரிலும், ஒவ்வொரு மழைக்கும்."

அவர் எண்களைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "போன வருடம் நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜலகண்டாபுரத்து நண்பர் தன்னை மறந்து மேசையில் தட்டினார். எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலை சொசைட்டியில் பால் ஊற்ற அவரோடு நானும் போனேன். அங்கிருந்தவர்களிடம் அவர் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்:

"நம்ம மண்ணு மழையவே மாத்துதாமாங்க. எம்புள்ளையும் கூட்டாளிகளுமாக் கண்டுபுடிச்சிருக்கறாங்க."