‘ஆழமில்லை’ என்று நான்தான் சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சிறிய சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து முப்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் பயணம் கிளம்பினோம். முதல் நாள் கோலா கங்சாரும் தைப்பிங்கும். மறுநாள் லூமுட் போய், அங்கிருந்து படகில் பங்கோர் தீவு. நான் தனியாக அழைத்துப்போன முதல் கூட்டம் அதுதான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்த நான்கு பக்கம். மனப்பாடம் செய்து மைக்கில் ஒப்பித்துக்கொண்டே போனேன். கூட்டத்தில், விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கேள்விமேல் கேள்வி கேட்பார். கோலா கங்சாரில் ஒரு கிழட்டு மரத்தைக் காட்டி, இந்த நாட்டுக்கு முதலில் வந்த ரப்பர் மரங்களில் ஒன்று என்றேன். அவர் அதன் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஓ, நம்மள விடியக்காலையில எழுப்பி விடறது இவருதானா!"

கூட்டமே சிரித்தது.

மறுநாள் மத்தியானம் பங்கோர் கடற்கரை. அவர் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எறங்கலாமா? ஆழம் இருக்குமா?"

அந்தக் கடற்கரையில் நானும் அன்றுதான் கால் வைத்திருந்தேன். வழிகாட்டி என்று வந்துவிட்டு, தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பயப்படாதீங்க அண்ணே, ஆழமில்ல. இடுப்பளவுதான்லா" என்றேன். அவர் மனைவியும் பக்கத்தில்தான் நின்றார்.

நீர் வற்றி, கடல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம். பாறை ஓரமாக நடந்தவர் திடீரென்று கழுத்தளவு போனார். ஒரு கையைத் தூக்கினார். பிறகு ஆளைக் காணவில்லை. அலறினோம், எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய் மீனவர்கள் இருவர் ஓடிவந்து குதித்தார்கள். அவரைக் கரைசேர்க்க அரைமணி நேரம் ஆயிற்று. உயிர் இல்லை.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இறந்தவரின் மனைவி, அந்த அக்காவுக்கு மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

யாராவது அவரை இறங்கச் சொன்னார்களா என்று அதிகாரி கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"யாரும் சொல்லல. அவராத்தான் எறங்குனாரு."

அதை மலாயில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கையை உருவிக்கொண்டார். "ஒன்ன மாட்டிவிட்டா அவரு எந்திரிச்சி வந்துருவாரா? வயசுப் பொண்ணு... போ. ஆனா இனிமே எங்கிட்ட பேசாத. ஒங் கொரல என்னால கேக்க முடியல."

அந்த வாரமே வேலையை விட்டேன்.

இப்போது யார் எதைக் கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கற்றுக்கொண்டேன் என்று என்னால் நிம்மதி அடைய முடியவில்லை. மன்னிக்காமலே ஒருவர் என்னைக் காப்பாற்றினார்; அவர் சொன்னது உண்மையில்லை என்று அந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடிந்திருக்கும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.