செக்கானூரணிப் பக்கம் ஈட்டிக் கன்று தேடிப் போனோம்

பசுமலைக்குப் பின்னால் நாங்கள் வாங்கிப் போட்ட மனையில் ஒரு ஈட்டி மரம் நிற்க வேண்டும் என்பது என் மனைவி நூர்ஜகானின் ஆசை. இரண்டு முறை விதை போட்டோம், முளைக்கவில்லை. எங்கள் துணிக்கடைக்கு வழக்கமாக வரும் பாண்டியம்மாள் அக்கா இதைக் கேட்டதும், "எங்க காட்ல வேர்லருந்தே கன்னு வருது பாய், வந்து எடுத்துக்கங்க" என்றார். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

ஆரப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். காளவாசலில் ஞாயிறன்றும் நெரிசல்தான். செக்கானூரணிக்கு எனக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய், அவளுக்கு இலவசம். வழி நெடுக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

காட்டில் இறங்கியதும் பாண்டியம்மாள் அக்காவின் முகம் வாடியிருந்தது. அவருடைய கணவர் வைத்த ஈட்டி மரம் போன வருஷக் காற்றில் சாய்ந்துவிட்டது. கணவரும் இப்போது இல்லை. குழாய் பதிக்க வாய்க்கால் தோண்டியபோது வெட்டுப்பட்ட வேர்களிலிருந்து கன்றுகள் கிளம்பியிருந்தன. அவர் பக்கம் வந்ததையெல்லாம் ஆடு கடித்துவிட்டது. ஐந்தாறு நல்ல கன்றுகள் வரப்புக்கு அந்தப் பக்கம், கொழுந்தனார் சின்னச்சாமியின் நிலத்தில்.

"அங்கிட்டு நான் கால் வைக்க மாட்டேன். அவரு எல்லையில வாய்க்கா வெட்டுனதுலருந்து பேச்சுவார்த்தை இல்ல" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து சின்னச்சாமி டிராக்டரில் உழுதுகொண்டு வந்தார். கலப்பை நேராகக் கன்றுகளை நோக்கித்தான் வந்தது. நான் யோசிப்பதற்குள் நூர்ஜகான் வரப்பைத் தாண்டி ஓடி, கையை ஆட்டியபடி குறுக்கே நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

டிராக்டர் நின்றது. "யாரும்மா நீங்க? வண்டி முன்னால வந்து விழுறீங்க!"

"அண்ணே, அது ஈட்டிக் கன்னு. உழுதுறாதீங்க."

அவர் இறங்கி வந்து, வட்ட வட்டமான இலைகளைத் தடவிப் பார்த்தார். "களைன்னுல்ல நெனச்சேன்" என்றவர், சாய்ந்த மரத்தின் அடிக்கட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்: "மதினி, இது அண்ணன் வச்ச மரத்து வேரா?"

அக்கா வரப்பில் ஏறி நின்று, "அதே வேர்தான் தம்பி" என்றார். "கன்னு வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல மதினி" என்று முணுமுணுத்துக்கொண்டே சின்னச்சாமி கடப்பாரை எடுக்கப் போனார்.

எங்களுக்கு இரண்டு கன்றுகள். தாய்வேரை இருபுறமும் வெட்டி, மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். மற்றவற்றைச் சுற்றி அக்காவும் அவருமாக முள் வெட்டிப் போட்டார்கள். காசு கொடுக்கப் போனேன், இருவருமே வாங்கவில்லை.

நீங்களும் வளர்க்க நினைத்தால்: மழைக்காலத்தில் நடுங்கள். இரண்டடிக் குழியில் செம்மண்ணும் மக்கிய சாணியும் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நட்டதும் பாதி இலையைக் கிள்ளிவிட்டு நிழலுக்கு ஓலை கட்டுங்கள். எங்கள் கன்றுகள் முதலில் எல்லா இலையையும் உதிர்த்துப் பயமுறுத்தி, பிறகுதான் துளிர்த்தன. விதை என்றால் புதிதாக உதிர்ந்த காயாகப் பாருங்கள். பழையது முளைக்காது என்று பிறகுதான் தெரிந்தது. ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆட்டுக்கு வேலியும் கட்டாயம். மெதுவாக வளரும் மரம். வெட்டுவது நம் பிள்ளைகள் காலத்தில்தான், அதுவும் வனத்துறையில் விசாரித்துவிட்டு.

போன வாரம் நன்றி சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கப் பேசினார்.

"அப்புறமாக் கூப்பிடுங்க பாய். தம்பி அங்கிட்டு மோட்டாரப் போட்டுட்டாரு, நான் கன்னுக்குத் தண்ணி திருப்பணும்."