நடுவில் ஒரு குறுக்குத் துண்டு

கடுகு என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷமாகக் கார் மெக்கானிக். தொட்டால் வெடிக்கிற குணத்துக்காக யாரோ வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது.

பட்டறை மாமனாருடையது. அவர் கண்ணை மூடியதும் மாமியார் பெயருக்கு வந்தது. மூத்த மாப்பிள்ளை கடுகு, இளைய மாப்பிள்ளை அவருடைய சகலை, இரண்டு பேருக்கும் ஒரே கூரை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்பானர் செட் ராத்திரி முழுக்க மழையில் கிடந்தது. வெளியே விட்டது நீயா நானா என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் போய் முடிந்தது. மறுநாள் கடுகு மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து பட்டறைத் தரையில் நட்டநடுவாக ஒரு கோடு போட்டார்.

கெட்ட காலம், காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி ஒன்றுதான். கார் அதன் மேல் நின்றால் கோடு காரின் வயிற்றுக்கடியில் ஓடும். அதனால் வலப்பக்கச் சக்கரங்கள் கடுகுக்கு, இடப்பக்கம் சகலைக்கு என்று ஆகிப்போனது. எஞ்சின், முதலில் கை வைத்தவனுக்கு. கடுகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வார், அவள் தங்கையிடம் சொல்வாள், தங்கை புருஷனிடம் சொல்வாள். ஒரு நட்டின் சைஸ் தெரிய இரண்டு வீடு சுற்ற வேண்டும். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒரு ஏற்பாடு இருக்காது. ஆனால் வேலை நடந்தது.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற டீச்சரின் கார் வரும்வரை நடந்தது.

மேட்டில் நிறுத்திப் பழக்குகிற கார் அது. ஹேண்ட்பிரேக் போட்டால் வலது பின்சக்கரம் கவ்வியது, இடது சும்மா சுற்றியது. பாலத்து ஏற்றத்தில் ஒருநாள் பின்னால் உருண்டு ஒரு சைக்கிள்காரரைத் தொட்டுவிட்டு நின்றது. வாகனச் சோதனையில் ஒருதடவை ஃபெயில். சகலை தன் பக்கத்தைச் சரிபார்த்தான். மறுபடியும் ஃபெயில். டீச்சர் நேராக மாமியாரிடம் போய்க் கொட்டித் தீர்த்துவிட்டார்.

மாமியார் பட்டறைக்கு வந்து கோட்டின் மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது தடவையும் ஃபெயிலானால் எவர் பக்கத்துச் சக்கரம் பிடிக்கவில்லையோ அவர் பெட்டியைக் கட்டலாம் என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கடுகுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிடிக்காதது இடது சக்கரம். ஒன்பது வருஷமாகக் கும்பிட்ட சாமி கண் திறந்துவிட்டது என்றே நினைத்தார்.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம். சகலை சாப்பிடப் போயிருந்தான். காரின் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றியிருந்தது. கடுகு உள்ளே சாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இரண்டே கிளிக்கில் வலது சக்கரம் இறுகியது. நாலு, ஐந்து, ஆறு கிளிக் இழுத்தும் இடது, விரலால் தள்ளினால் ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பயல் உள்ளே என்ன அசிங்கம் செய்துவைத்திருக்கிறான் என்று பார்த்துவைத்துக்கொண்டால் நாளைக்குப் பேச வசதி. கோட்டைத் தாண்டிப் போய் இடது சக்கரத்தையும் அதன் பிரேக் டிரம்மையும் கழற்றினார்.

உள்ளே எல்லாம் சுத்தம். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவில் எண்ணெய்க் கசிவில்லை, ஸ்பிரிங் புதுசு, ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைத்த அளவு மயிரிழை பிசகவில்லை. டிரம்மையும் சக்கரத்தையும் திரும்ப மாட்டி, கேபிள் முனையைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்தார். சக்கரம் கெட்டியாக நின்றது. இடப்பக்கத்தில் குற்றமே இல்லை. கடுகுக்கு எரிச்சலாக வந்தது.

குழிக்குள் இறங்கினார். ஹேண்ட்பிரேக்கிலிருந்து வரும் கம்பி காரின் நடுவில் ஒரு குறுக்குத் துண்டில் முடியும். அதன் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு சக்கரத்துக்கும் கேபிள் போகும். தராசுத் தண்டு மாதிரி ஆடி, இழுப்பைச் சமமாகப் பங்கு வைக்க வேண்டியது அந்தத் துண்டின் வேலை. அது ஆடவில்லை. கோணலாக நின்று, இழுப்பு மொத்தத்தையும் வலப்பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மூட்டில் கறுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடியில் அடிக்கிற பூச்சு.

நாலு மாதத்துக்கு முன் அந்தக் காருக்கு அடியில் பூச்சு அடித்தவர் கடுகு. அதை ஒரே நாளில் முடித்தேன் என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டவரும் கடுகு. இடமும் இல்லை வலமும் இல்லை என்பதால் நடுவில் இருந்த துண்டை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு மேலே ஏறினால் போதும், நாளைக்குச் சகலை பெட்டி கட்டுவான். அது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பாலத்து ஏற்றம் நினைவுக்கு வந்தது. அதைவிட, சற்று முன் பார்த்த அந்த டிரம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்படி வேலை செய்தவனைத் தன் பூச்சால் வெளியேற்றுவது அவருக்கு வெட்கமாக இருந்தது. சகலை மேல் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை.

உளி எடுத்துச் சுரண்டினார், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார், கிரீஸ் வைத்தார். துண்டு ஆடியது. ஆனால் இழுக்கும்போது நேராக நிற்கிறதா என்று கீழிருந்து பார்க்க, மேலே ஒருவர் இழுக்க வேண்டும். வாசலில் சகலை வந்து நின்றான்.

"ஏறி உக்காரு. சொல்றப்ப இழு."

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. சகலை ஏறினான். ஒவ்வொரு கிளிக்காக இழுத்தான். குறுக்குத் துண்டு நேராக நின்றது. நாலாவது கிளிக்கில் கடுகு மேலே வந்து வலதைத் தள்ளினார், அசையவில்லை. இடதைத் தள்ளினார், அதுவும் அசையவில்லை.

"பூச்சு," என்றான் சகலை, இறங்காமலே. "மூணு வாரம் முன்ன, ரெண்டாவது தடவை ஃபெயிலானப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன்யா சொல்லல?"

"நாளைக்கு அத்தையக் குழிக்குள்ள இறக்கிக் காட்டலாம்னு இருந்தேன். உங்க கைவேலைன்னு."

கடுகு கையிலிருந்த ஸ்பானரை ஓங்கினார். பிறகு அதைத் துணியில் துடைத்து, பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தார். தான் குழிக்குள் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்ததை இவன் மூன்று வாரமாகச் செய்திருக்கிறான். இனிமேல் ஆயுசுக்கும் அந்தப் பூச்சை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தன்னைப் பார்ப்பான். அதற்கு இடம் கொடுப்பதாயில்லை.

கையைக்கூடக் கழுவாமல் மாமியார் வீட்டுக்கு நடந்தார். பூச்சு தன்னுடையது என்பதையும், மூன்று வாரம் தெரிந்தே சும்மா இருந்தது இளைய மாப்பிள்ளை என்பதையும், ஒன்று விடாமல் சொன்னார்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"அப்ப ஒருத்தர அனுப்பி என்ன பிரயோஜனம்? ரெண்டு பேரும் இருந்து தொலைங்க. ஆனா அந்த நடுத்துண்ட ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும், ஒவ்வொரு வண்டிக்கும்."

மறுநாள் கார் பாஸானது. அதற்கடுத்த காருக்குக் கடுகு குழிக்குள் இறங்கினார். மேலே சகலை ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி, கடுகு இழு என்று சொல்வதற்காகக் காத்திருந்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும் கடுகு அவனை அரைமணி நேரம் காக்க வைத்தார்.