கன்னியம்மா கேட்ட கேள்வி

பொத்தேரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் போன வாரம் போன் செய்தாள். ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம். "அம்மா, பேன்ஹேண்டிலிங்னா என்ன? சமையல் சமாச்சாரமா?" என்றாள். "தெருவுல நின்னு பிச்சை கேக்கறது" என்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டாள். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரத்தில் ஒரு சின்ன லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தேன். மதுராந்தகத்திலிருந்து பஸ் மாறி மாறி, புடவை மடிப்பு கலையாமல் வந்து இறங்குவதே பெரிய வித்தை. அந்த மேசையை நினைத்தால் வெள்ளைக்காரர்கள் பூசும் வெயில் களிம்பின் தேங்காய் வாசனைதான் முதலில் வருகிறது. எங்கள் வீட்டிலும் அந்தக் களிம்பு இருந்தது. எதற்கென்று தெரியாமல் என் அம்மா அதை முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொள்வாள். ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம், "இது இனிமேல் உங்களுக்கு வேண்டுமா?" என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கியது.

வால்ட்டர் என்ற அமெரிக்கரிடம் வாக்மேனையும் அப்படித்தான் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. அவர் கிளம்பக்கூட இல்லை. கழுத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சென்னை பஸ்ஸில் அவருடைய பை பணத்தோடு திருட்டுப் போனது. ஊரிலிருந்து அவர் அண்ணன் பணம் அனுப்பும்வரை மொட்டைமாடியில் படுத்துக்கொள்ள மேனேஜர் அனுமதித்தார். சாப்பாடு கிடையாது. எதிரே இருந்த கன்னியம்மாவின் இட்லிக் கடை வாசலில் நின்று, போகிற வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் அவர் கையேந்த ஆரம்பித்தார். லாட்ஜுக்கு அவமானம் என்று எனக்குப் பட்டது. போய், இங்கே நிற்காதீர்கள் என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் நாட்டில் இதற்குப் பேன்ஹேண்டிலிங் என்று பெயர் என்று சொல்லி, கையை விறைப்பாக நீட்டிக் காட்டினார். நம் வாணலிக்கு இரண்டு காது. அவர்கள் சட்டிக்கு நீளமாய் ஒரே பிடி. நீட்டிய கை அந்தப் பிடிபோல இருப்பதால் வந்த சொல் என்பார்களாம். நிச்சயமாக யாருக்கும் தெரியாதாம்.

அவருக்கு இரண்டு இட்லி கொடுத்திருந்த கன்னியம்மாவிடம் திரும்பினேன். "பிச்சைக்கு இன்னா ஸ்டைலா பேரு வச்சிகீறாங்க பாருக்கா. இவருக்கு சும்மா இட்லி குடுக்காத, பழகிடுவாரு."

அவள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அவன் கழுத்துல கெடந்த பாட்டுப் பொட்டிய நீ கேட்டு வாங்கிக்கினியே, அதுக்கு இன்னாம்மா பேரு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. வால்ட்டரும் கூடச் சேர்ந்து சிரித்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

"இன்னும் ரெண்டு சாப்பிடச் சொல்கிறார்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு இட்லி எடுத்து வைத்தாள்.

பணம் வந்து கிளம்பும் நாளன்று மேசைக்கு வந்தார். அந்த அம்மா அன்றைக்குச் சொன்னதைத் தமிழிலேயே எழுதித் தர முடியுமா என்று ஓர் அட்டையை நீட்டினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இன்னும் ரெண்டு சாப்பிடு" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதன்பிறகு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எதிரே கன்னியம்மா இருந்தாள், அவ்வளவுதான்.

லாட்ஜை இடித்துவிட்டார்கள். இட்லிக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கன்னியம்மா இறந்தும் பல வருடமாகிறது. அந்த டிரைவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்காது. அவள் அன்று உண்மையில் என்ன கேட்டாள் என்பது, இனி எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.